மங்கு: வெளுக்கும் களிம்பின் வரலாறு

மங்கு என்பது முகத்தில் படரும் பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு நிறத் திட்டு. இரண்டு கன்னங்கள், நெற்றி, மூக்குத்தண்டு, மேலுதடு ஆகிய இடங்களில் ஏறத்தாழ இருபுறமும் ஒரேமாதிரி தோன்றும். அரிப்போ வலியோ இராது, தொற்றாது. மருத்துவத்தில் இதன் பெயர் மெலாஸ்மா. ஆண்களுக்கும் வருமெனினும் பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. கருத்தரிக்கும் காலத்திலும் கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் காலத்திலும் தோன்றலாம், வெயிலில் கூடும், குடும்பத்தில் தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்புண்டு. உயிருக்கு ஆபத்தில்லாத நிலை என்பதால் மருத்துவ வரலாற்றில் இதற்கு ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படுவதில்லை. ஆனால் இதைப் போக்குவதற்காக 20-ஆம் நூற்றாண்டில் உருவான மருந்துகளின் கதை சிறியதன்று. தோல் பதனிடும் ஆலையின் கையுறையில் தொடங்கும் அக்கதை, ஒரு நாட்டில் பெண்களின் முகத்தையே நிரந்தரமாகக் கருக்கச் செய்த பின்னரே சட்டப் புத்தகத்தில் ஏறியது.

பெயர்கள்

தமிழில் மங்கு, கருமங்கு என்ற இரு சொற்களும் பேச்சுவழக்கில் உள்ளன. ஒளி மங்குதல் என்னும் வினையோடு தொடர்புடைய சொல் இது. நோய் என்று சொல்லாமல் முகத்தின் ஒளி குறைந்தது என்று மட்டும் சொல்லும் நயம் இதில் உண்டு. ஜாதிக்காயை உரைத்துப் பூசுவதும், கஸ்தூரி மஞ்சள் குழைத்துத் தடவுவதும் வீட்டு வைத்தியமாக இன்றும் தொடர்கின்றன.

சுஸ்ருத சம்ஹிதை இதையொத்த முகத் திட்டை வியங்கம் என்ற பெயரில் சிறுநோய்களின் வரிசையில் வைக்கிறது. சினத்தாலும் கடும் உழைப்பாலும் கெட்ட வாதம், பித்தத்தோடு சேர்ந்து முகத்தில் திட்டை உண்டாக்குவதாக அந்நூல் விளக்குகிறது. மெலாஸ்மா என்ற சொல் கருமை என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பிய நூல்களில் நெடுங்காலம் வழங்கிய குளோயாஸ்மா என்ற பெயரோ பசுமையாதல் என்ற பொருளுடையது. பழுப்புத் திட்டுக்குப் பொருந்தாத அப்பெயர் எப்படியோ நிலைத்துவிட்டது. ஜப்பானியர் இதைக் கான்பான், அதாவது கல்லீரல் திட்டு என்பர். மெக்சிகோவில் இதன் பெயர் பான்யோ; துணி என்று பொருள். முகத்தின்மேல் ஒரு துணி விழுந்ததுபோல் இருப்பதால் வந்த பெயர் அது.

கையுறையில் கிடைத்த மருந்து

1820-இல் பெல்லத்தியே, கவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா மருந்தைப் பிரித்தெடுத்தனர். அதே காலத்தில், அப்பட்டையிலுள்ள குயினிக் அமிலத்தைச் சூடாக்கி அவர்கள் பெற்ற மற்றொரு பொருளுக்கு, பின்னர் ஜெர்மானியரான வோலர் ஹைட்ரோகுயினோன் என்று பெயரிட்டார். 60 ஆண்டுகள் அது பெரிதாகப் பயன்படவில்லை. 1880-இல் ஆங்கிலேயரான வில்லியம் ஆப்னி இது ஒளிப்படத்தைக் கழுவுவதற்கு ஏற்ற இரசாயனம் என்று கண்டறிந்தார். அதன்பின் உலகெங்கும் கறுப்பு வெள்ளைப் படம் கழுவும் இருட்டறைகளில் ஹைட்ரோகுயினோன் குடியேறியது. அதன் உறவுப் பொருள்கள் ரப்பர் தொழிலுக்குச் சென்றன. காற்று பட்டு ரப்பர் கெட்டுப்போகாமல் காக்க, ஹைட்ரோகுயினோனின் மோனோபென்சைல் ஈதர் என்ற வழிப்பொருளை ரப்பரில் கலந்தனர்.

1930-களின் இறுதியில் அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் ஆலையின் தொழிலாளர்களுக்குக் கைகளிலும் முன்கைகளிலும் வெள்ளைத் திட்டுகள் தோன்றின. வேலையின்போது அவர்கள் அணிந்த ரப்பர் கையுறை எங்கெல்லாம் தொட்டதோ அங்கெல்லாம் நிறம் போயிருந்தது. ஆலிவர், ஷ்வார்ட்ஸ், வாரன் ஆகிய மருத்துவர்கள் இதை ஆராய்ந்து, கையுறையிலிருந்த மோனோபென்சைல் ஈதரே காரணம் என்று 1939-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினர். பாதிக்கப்பட்டவர்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோ வழியினரும் இருந்தனர். வெள்ளைத் தோலில் எளிதில் கண்ணில் படாமற் போயிருக்கக்கூடிய மாற்றம் அவர்களுடைய கைகளில் பளிச்சென்று தெரிந்தது.

ஒரு தொழில்சார் விபத்து அறிக்கை என்ற அளவில் இது முடிந்திருக்கலாம். ஆனால் தோலின் நிறத்தை ஒரு வேதிப்பொருளால் நீக்க முடியும் என்பதற்கு முதல் உறுதியான சான்று இதுவே என்பதை மருத்துவர்களும் வணிகர்களும் உடனே உணர்ந்தனர். 1950-களில் மோனோபென்சைல் ஈதரைக் களிம்பாக்கி மங்குக்குத் தடவிப் பார்த்தனர். விளைவு விபரீதமாயிற்று. அப்பொருள் நிறமியை உண்டாக்கும் செல்களையே அழிக்கக்கூடியது. மங்கு மறைந்த இடத்தில் நிரந்தர வெண்திட்டு தோன்றியது. களிம்பு படாத இடங்களிலும் சிலருக்கு நிறம் போயிற்று. அதனால் மங்குக்கு அது கைவிடப்பட்டது. உடலின் பெரும்பகுதி வெண்புள்ளியால் வெளுத்துவிட்டவர்களுக்கு, எஞ்சிய நிறத்தையும் நீக்கி ஒரே நிறமாக்குவதற்கு மட்டும் அது மருந்தாக நீடித்தது.

வழிப்பொருள் உதவாததால் மூலப்பொருளுக்குத் திரும்பினர். 1961-இல் ஸ்பென்சர் என்ற மருத்துவரும், 1965-இல் ஆர்ன்ட், ஃபிட்ஸ்பாட்ரிக் இருவரும் ஹைட்ரோகுயினோன் களிம்பைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். டைரோசினேஸ் என்ற நொதி டைரோசின் என்னும் அமினோ அமிலத்தை மெலனினாக மாற்றுகிறது. ஹைட்ரோகுயினோனின் அமைப்பு டைரோசினை ஒத்திருப்பதால் நொதி ஏமாறுகிறது. மெலனின் உற்பத்தி குறைகிறது. செல்லை முற்றிலும் அழிக்காமல் அதன் வேலையை மட்டுமே தடுப்பதால், களிம்பை நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். மருத்துவர்களுக்கு இது பாதுகாப்பாகத் தோன்றியது. களிம்பு விற்பவர்களுக்கோ, நிறுத்தினால் நிறம் திரும்பும் என்பது வாடிக்கையாளர் நிற்காமல் வாங்குவார் என்பதற்கான உத்தரவாதமாகத் தோன்றியது. இரண்டு பார்வைகளும் ஒரே உண்மையிலிருந்து பிறந்தவை என்பது கவனிக்கத்தக்கது.

மாத்திரை தந்த மங்கு

களிம்பின் தேவை பெருகியதற்கு மற்றொரு காரணமும் அதே ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. 1960-இல் அமெரிக்க அரசு கருத்தடை மாத்திரைக்கு ஒப்புதல் அளித்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, கருவுறாத பெண்களின் முகத்தில் கர்ப்பகால மங்கு தோன்றுவதாக மருத்துவ இதழ்களில் செய்திகள் வந்தன. 1967-இல் ரெஸ்னிக் என்பவர் மாத்திரை உட்கொண்ட 212 பெண்களை ஆராய்ந்து 29 விழுக்காட்டினருக்கு மங்கு இருந்ததாக எழுதினார். அன்றைய மாத்திரைகளில் ஹார்மோன் அளவு இன்றுள்ளதைவிடப் பல மடங்கு கூடுதல்.

இந்த ஆய்வுகளால் ஒரு பழைய நம்பிக்கை உடைந்தது. மங்கு கல்லீரல் கோளாறாலோ கருப்பைக் கோளாறாலோ வருகிறது என்ற எண்ணம் பல நாடுகளில் இருந்தது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்கள் நிறமிச் செல்லைத் தூண்டுகின்றன, ஆனால் வெயில் படும் இடத்தில்தான் திட்டு தோன்றுகிறது என்பது தெளிவாயிற்று. ஹார்மோன் உடல் முழுவதும் ஓடுகிறது. மங்கோ பெரும்பாலும் முகத்தில்தான் வருகிறது. இந்த எளிய உண்மையிலிருந்து, வெயிலைத் தடுத்தால் மங்கைத் தடுக்கலாம் என்ற முடிவுக்கு அன்றே வந்திருக்கலாம். வந்தவர்கள் சிலர். ஆனால் ஆராய்ச்சியின் ஊக்கமும் பணமும் வெளுக்கும் களிம்பின் பக்கமே இருந்தன.

1975: பிலடெல்பியா

அவ்வாண்டு இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. இரண்டும் ஹைட்ரோகுயினோன் பற்றியவை, ஒன்றையொன்று அறியாதவை.

முதல் கட்டுரை பிலடெல்பியாவின் ஆல்பர்ட் கிளிக்மன், வில்லிஸ் ஆகியோருடையது. 5 விழுக்காடு ஹைட்ரோகுயினோன், 0.1 விழுக்காடு ட்ரெட்டினாயின், 0.1 விழுக்காடு டெக்சாமெத்தசோன் ஆகிய மூன்றும் கலந்த களிம்பை நாள்தோறும் தடவினால் 5 முதல் 7 வாரங்களில் இயல்பான கறுந்தோலின் நிறம் முழுமையாக நீங்குவதாக அவர்கள் கண்டனர். மூன்றில் ஒன்றை விட்டாலும் அந்தப் பயன் கிடைக்கவில்லை. மங்கு, செம்புள்ளிகள், பரு ஆறிய தழும்பின் கருமை ஆகியவற்றுக்கு இக்கலவை பயன்பட்டது. முதுமைப் புள்ளிகள் அசையவில்லை. ட்ரெட்டினாயின் தோலின் மேலடுக்கை விரைவாக உதிரச் செய்து ஹைட்ரோகுயினோனை உள்ளே செலுத்துகிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்குகிறது. கிளிக்மன் கலவை என்று பெயர்பெற்ற இதன் அளவுகள் மாற்றப்பட்டு, வலுக்குறைந்த ஸ்டீராய்டுடன் கூடிய ஒரு வடிவத்துக்கு அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் கிடைத்தது. மருத்துவர் மேற்பார்வையில் சில வாரங்கள் மட்டும் பயன்படுத்தினால் மங்குக்கு இன்றும் சிறந்த மருந்துகளில் ஒன்று இதுவே.

கிளிக்மனின் பெயர் வேறொரு காரணத்துக்காகவும் வரலாற்றில் நிற்கிறது. பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை அவர் கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்திவந்தார். கைதிகளில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். சிறு தொகைக்காக அவர்கள் தங்கள் முதுகையும் கைகளையும் களிம்புகளுக்கும் இரசாயனங்களுக்கும் கொடுத்தனர். எதற்கு உட்படுகிறோம் என்பது பலருக்குச் சொல்லப்படவில்லை. ஆலன் ஹார்ன்ப்ளம் 1998-இல் எழுதிய நூல் இதை வெளிக்கொணர்ந்தது. 2022 அக்டோபரில் பிலடெல்பியா நகர நிர்வாகம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

1975: பிரிட்டோரியா

இரண்டாவது கட்டுரை தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலிருந்து வந்தது. ஃபிண்ட்லே என்ற தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் அதை வெளியிட்டனர். பல ஆண்டுகள் ஹைட்ரோகுயினோன் களிம்பு பூசிய கறுப்பினப் பெண்களின் கன்னங்களில், கண்ணைச் சுற்றி, கழுத்தில் நீலங்கலந்த கருமை படிந்து, தோல் தடித்து, கேவியர் மீன்முட்டைபோலச் சிறுமணிகளாகப் புடைத்திருந்தது. அதற்கு அவர்கள் வழங்கிய பெயர் புறவழி ஓக்ரோனோசிஸ்.

ஓக்ரோனோசிஸ் என்ற சொல் 1866-இல் ருடால்ஃப் ஃபிர்ஹோ உருவாக்கியது. பிறவி நோயொன்றில் குருத்தெலும்பு கண்ணுக்குக் கறுப்பாகவும் நுண்ணோக்கியில் காவி நிறமாகவும் தெரிந்ததால் காவி என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அப்பெயரை அமைத்தார். ஹோமோஜெண்டிசிக் அமிலம் என்ற பொருளை உடைக்கும் நொதி இல்லாமற் போனால் அது தேங்கிக் காவி நிறமியாக மாறுகிறது. ஹைட்ரோகுயினோன் தோலில் அதே நொதியைத் தடுக்கிறது என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பிறவி நோயில் உடல் முழுவதும் நடப்பது, களிம்பு பூசியவர்களுக்கு முகத்தில் நடந்தது.

கொடுமை இதன் ஒழுங்கில் இருந்தது. களிம்பு பூசிய முதல் மாதங்களில் முகம் வெளுத்தது. நிறமி குறைந்த தோலை ஆப்பிரிக்க வெயில் எளிதில் தாக்கியது. சில ஆண்டுகளில் கருமை மெல்லத் தோன்றியது. கருமையைக் கண்ட பெண் மேலும் களிம்பு வாங்கிப் பூசினார். கருமை மேலும் கூடியது. காரணமே மருந்தாகத் தோன்றிய இந்தச் சுழலில் பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தவர்கள் உண்டு. ஓக்ரோனோசிஸ் வந்தபின் அதைப் போக்குவது ஏறத்தாழ இயலாத காரியம்; களிம்பை நிறுத்தினால் ஓரளவு மங்கலாம், அவ்வளவே.

இத்தனை பேர் ஏன் பூசினார்கள் என்பதை நிறவெறி ஆட்சியை விட்டுவிட்டுப் பேச முடியாது. தோலின் நிறத்தைக் கொண்டு குடியிருக்கும் தெருவும் செய்யும் வேலையும் ஏறும் பேருந்தும் தீர்மானிக்கப்பட்ட நாட்டில் வெளுக்கும் களிம்பு கறுப்பினத்தவர்க்கான இதழ்களின் முதன்மையான விளம்பரமாக இருந்தது. முகமெங்கும் மங்கு படர்ந்தவரும், மங்கே இல்லாமல் நிறம் மட்டும் மாற விரும்பியவரும் ஒரே குப்பியையே வாங்கினர். ஸ்டீவ் பீகோவின் கறுப்பு உணர்வு இயக்கம் 1970-களில் இக்களிம்புகளைக் கடுமையாக எதிர்த்தது. 1980-களில் தோல் மருத்துவர்களும் அந்தக் குரலோடு சேர்ந்தனர்.

அரசு மெதுவாக அசைந்தது. 1975-இல் அழகுசாதனங்களில் பாதரசத்தைத் தடைசெய்தது. 1980-களின் தொடக்கத்தில் ஹைட்ரோகுயினோனின் அளவை 2 விழுக்காடாகக் கட்டுப்படுத்தியது. ஆனால் 1989-இல் பிரிட்டோரியாவுக்கு அருகே கா-ரங்குவா மருத்துவமனையில் நடத்திய ஆய்வில், பரிசோதித்த பெண்களில் 42 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 15 விழுக்காட்டினருக்கும் ஓக்ரோனோசிஸ் இருந்தது. குறைந்த அளவு பாதுகாப்பானது என்ற வாதம் அத்தோடு முடிந்தது. 1990-இல் தென்னாப்பிரிக்கா அழகுசாதனங்களில் ஹைட்ரோகுயினோனை முற்றிலும் தடைசெய்ததோடு, ஒரு பொருள் தோலை வெளுக்கும் என்று விளம்பரம் செய்வதையும் தடுத்தது. இத்தகைய விளம்பரத் தடை கொண்டுவந்த முதல் நாடு அதுவே. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் அழகுசாதனத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மருந்துச்சீட்டின்றி 2 விழுக்காட்டுக் களிம்பு 2020 வரை கடைகளில் கிடைத்தது.

பாதரசம்

ஹைட்ரோகுயினோனுக்கு முன்பும் பின்பும், மறைவாக இன்றுவரையும் விற்கப்படுவது பாதரசக் களிம்பு. பாதரச உப்பும் டைரோசினேஸ் நொதியைத் தடுக்கிறது. வேறுபாடு, அது தோலோடு நிற்காமல் சிறுநீரகத்துக்குச் செல்கிறது என்பதே. 1972-இல் நைரோபியில், உடல் வீங்கிச் சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயோடு வந்த 60 பேரை ஆராய்ந்த மருத்துவர்கள், அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வெளுக்கும் களிம்பு பூசியவர்கள் என்று கண்டனர்.

50 ஆண்டுகளுக்குப் பின் அதே கதை கேரளத்தில் திரும்பியது. மலப்புரம் மாவட்டத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையே ஒருவகைச் சவ்வுச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அரிய துணைவகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் தோல் வெளுக்கும் களிம்பு பயன்படுத்தியவர்கள். பெரும்பாலோருக்குக் களிம்பை நிறுத்தியதும் நோய் தணிந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை முதலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசமுள்ள அழகுசாதனங்களைத் தடுத்தது. சேர்க்கப்பட்ட பாதரசம் எந்த அளவிலும் கூடாது என்று 2023-இல் உறுப்பு நாடுகள் விதியை இறுக்கின.

இந்தியாவில் கிளிக்மன் கலவை

இந்தியாவில் ஓக்ரோனோசிஸைவிடப் பெரிய தொல்லை வேறிடத்தில் முளைத்தது. கிளிக்மன் கலவையின் மூன்றாவது பொருளான ஸ்டீராய்டில்.

ஸ்டீராய்டு பூசினால் முதல் சில நாட்களிலேயே முகம் தெளிந்து வெளுப்பதுபோல் தெரியும். தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதும் அழற்சி அடங்குவதும் நிறமி குறைவதும் சேர்ந்து அந்த மாயத்தை நிகழ்த்துகின்றன. மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிகிறது, சிவந்த நரம்புக்கோடுகள் தெரிகின்றன, பரு வெடிக்கிறது, பெண்களுக்கு முகத்தில் முடி வளர்கிறது. நிறுத்தினாலோ முகம் எரிந்து சிவக்கிறது. எரிச்சல் தாளாமல் மீண்டும் பூசுகிறார்கள். பிரிட்டோரியாவின் சுழல்தான், வேறு இரசாயனத்தில்.

2011-இல் வெளியான ஆய்வொன்றில் இந்தியாவின் 12 மையங்களைச் சேர்ந்த தோல் மருத்துவர்கள், முகத் தோல் நோயோடு வந்த 2926 பேரைப் பரிசோதித்தனர். 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தனர். அவர்களில் 126 பேர் அதைச் சிவப்பழகுக் களிம்பாகவோ பொதுக் களிம்பாகவோ சவரத்துக்குப் பின் பூசும் களிம்பாகவோ கருதினர். ஏறத்தாழ ஐவரில் மூவருக்கு அதைப் பரிந்துரைத்தவர் மருத்துவர் அல்லர். மருந்துக்கடைக்காரர், தோழி, அழகுநிலையத்தார், உறவினர்.  தோல் மருத்துவர் அமைப்பின் நெடிய முயற்சிக்குப் பின், 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 பூச்சு ஸ்டீராய்டுகளை மருந்துச்சீட்டின்றி விற்கக்கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது.

சட்டம் வந்தது, கடையில் கேட்டால் கிடைப்பது நின்றுவிடவில்லை. மங்குக்குத் தரப்படும் முக்கலவைக் குழாய்கள் விலை குறைவு. ஒருமுறை மருத்துவர் எழுதிய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்குவோரும், சீட்டே இல்லாமல் பழைய குழாயை நீட்டி இதேபோல் ஒன்று என்று கேட்போரும் உண்டு. நான் அறிந்த ஓர் ஊரில் கல்யாண வீட்டில் ஒருவர் பூசி வெளுத்ததைப் பார்த்து அந்தக் குழாயின் பெயரைப் பத்துப் பெண்கள் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போனதைக் கண்டிருக்கிறேன். மருந்து இப்படிப் பரவுவதற்கு விளம்பரமே தேவையில்லை.

தவறிக் கிடைத்த மாத்திரை

ஜப்பானில் ஒகமோட்டோ உதாகோவும் அவர் கணவர் ஒகமோட்டோ ஷோசுகேயும் 1962-இல் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தை வெளியிட்டனர். பிரசவத்தின்போது இரத்தப்போக்கால் இறக்கும் தாய்மாரைக் காப்பதே உதாகோவின் நோக்கம். 1979-இல் நிஜோ சடாகோ என்ற மருத்துவர் நாட்பட்ட தோல் தடிப்புக்காக இம்மருந்தைக் கொடுத்தபோது நோயாளியின் மங்கு குறைந்ததைக் கண்டார். நிறமிச் செல்லைச் சுற்றியுள்ள செல்களிலிருந்து வரும் தூண்டலை இது குறைக்கிறது. இரத்தம் உறையும் தன்மையோடு தொடர்புடைய மருந்து என்பதால் இரத்தக்கட்டு ஏற்பட்டவர்களுக்கும் கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் இது பொதுவாகக் கூடாது. இந்தியாவிலும் மங்குக்கு இதை எழுதும் மருத்துவர்கள் இன்று பலர்.

தடுக்கும் வழி

மங்கு வராமல் தடுப்பதற்கான சான்றுகள் மருந்துகளின் ஆரவாரத்துக்கிடையே ஓசையின்றிச் சேர்ந்தன. 1983-இல் போர்ட்டோ ரிக்கோவில் வாஸ்கெஸ், சான்செஸ் இருவரும் மங்குள்ள பெண்கள் அனைவருக்கும் ஹைட்ரோகுயினோன் களிம்பு கொடுத்து, பாதிப்பேருக்கு மட்டும் உண்மையான சன்ஸ்க்ரீனையும் மற்றவர்களுக்கு வெற்றுக் களிம்பையும் தந்தனர். உண்மையான சன்ஸ்க்ரீன் பூசியவர்களில் 96 விழுக்காட்டினர் முன்னேறினர். வெற்றுக் களிம்பு பூசியவர்களில் 81 விழுக்காட்டினர்.

2007-இல் மொராக்கோவிலிருந்து வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. 200 கர்ப்பிணிப் பெண்களுக்கு எஸ்.பி.எஃப். 50-க்கு மேற்பட்ட, புறஊதா ஏ கதிரையும் நன்கு தடுக்கும் சன்ஸ்க்ரீன் கொடுத்து மாதக்கணக்கில் கண்காணித்தனர். இறுதிவரை இருந்த 185 பேரில் புதிதாக மங்கு வந்தது 5 பேருக்கு, அதாவது 2.7 விழுக்காடு. அதே சூழலில் முன்பு செய்த கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 53 விழுக்காட்டினருக்கு மங்கு வந்திருந்தது. ஒப்பீட்டுக் குழுவை உடன்வைத்து நடத்திய ஆய்வு அன்று என்பது இதன் குறை. ஆயினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை அந்தக் குறையால் மட்டும் விளக்க முடியாது. இம்முடிவு, ஒரு குழாய் வெளுக்கும் களிம்பு பெற்ற விளம்பரத்தில் நூறில் ஒரு பங்கும் பெறவில்லை.

அடுத்த கண்டுபிடிப்பு கருமை, மாநிறத் தோலினர்க்கே உரியது. 2010-இல் டெட்ராயிட்டில் மஹ்மூத் முதலானோர், கண்ணுக்குப் புலனாகும் சாதாரண ஒளியே கருந்தோலில் ஆழ்ந்த, நீடித்த கருமையை உண்டாக்குவதையும், வெண்தோலில் அது நிகழாததையும் காட்டினர். நிறமிச் செல்லிலுள்ள ஆப்சின்-3 என்ற ஒளியுணர்வுப் புரதம் நீல ஒளியைப் பிடித்துக்கொள்வதே காரணம் என்று 2018-இல் பிரான்சில் விளக்கினர். அதுவரை உலகம் சன்ஸ்க்ரீன் என்று விற்றது பெரும்பாலும் புறஊதாக் கதிரை மட்டும் தடுத்தது. வெண்தோல் சிவந்து பொசுங்குவதை அளவுகோலாகக் கொண்டு வந்ததே எஸ்.பி.எஃப். எண். மாநிறத் தோலில் மங்கு உள்ளவர் அதைத் தவறாமல் பூசியும் திட்டு குறையவில்லை என்று சொன்னபோது, அவர் ஒழுங்காகப் பூசவில்லை என்றே பலமுறை சொல்லப்பட்டது. 2014-இல் மெக்சிகோவின் சான் லூயிஸ் பொடோசியில் செய்த ஆய்வில், இரும்பு ஆக்சைடு சேர்ந்து கண்ணுறு ஒளியையும் தடுக்கும் சன்ஸ்க்ரீன், புறஊதாவை மட்டும் தடுக்கும் சன்ஸ்க்ரீனைவிட மங்கைக் கூடுதலாகக் குறைத்தது.

இரும்பு ஆக்சைடு என்பது வேறொன்றுமில்லை. செங்காவி, மஞ்சள் காவி, கறுப்பு ஆகிய மண் நிறங்கள். அவை சேர்ந்தால் களிம்பு தோல் நிறம் பெறுகிறது. வெள்ளையாகப் பூத்து நிற்பதில்லை. நடைமுறையில் மருத்துவர்கள் சொல்வது இதுவே: நிறங்கலந்த சன்ஸ்க்ரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, வெளியே போவதற்கு முன் பூச வேண்டும், வெயிலில் இருந்தால் இரண்டு மூன்று மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும். சன்னல் கண்ணாடி புறஊதா ஏ கதிரையும் கண்ணுறு ஒளியையும் உள்ளே விடுகிறது. பேருந்தில் வெயில் பக்கம் அமர்வது வெளியே நிற்பதற்கு மிகத் தொலைவில் இல்லை. குடையும் அகலமான தொப்பியும் எந்தக் களிம்புக்கும் குறைந்தவை அல்ல. எரியவைக்கும் எதுவும், எலுமிச்சைச் சாறானாலும், கூடாது; எரிச்சல் ஆறிய இடமே கருக்கும். மாத்திரை தொடங்கியபின் மங்கு வந்தால் வேறு கருத்தடை முறை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். கர்ப்பகாலத்தில் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் தவிர்க்கப்படுகின்றன. அக்காலத்தில் வந்த மங்கு பலருக்குப் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தானாகவே குறைகிறது.

நிறங்கலந்த சன்ஸ்க்ரீன்கள் இந்தியக் கடைகளில் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பல ஒன்றிரண்டு நிறங்களிலேயே வருகின்றன. அந்த நிறங்களும் தமிழ்நாட்டுப் பெண்களில் பலருடைய தோலைவிட வெளிறியவை. மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் பொருந்தும் நிறம் கிடைக்காதவர்கள், இரண்டு குழாய்களை வாங்கிக் கலந்து பூசிக்கொள்கிறார்கள்.